திரையில் நின்றுபோன கை

செத்துப்போன மிஷினை எனக்குப் பிடிக்கும். அதில் பாசாங்கு கிடையாது. கரண்ட் வரவில்லையா, போர்டு கருகிவிட்டதா, கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய மிஷின் சாகவில்லை. அதன் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. என் லேப்டாப்பைச் சொருகி ‘இருக்கிறாயா’ என்று குரல் கொடுத்தால் ‘இருக்கிறேன்’ என்று சட்டென்று பதில் வந்தது. ஆனால் திரையில் கடைசியாக எடுத்த படம் அப்படியே நின்றிருந்தது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை.

படத்தில் ஒரு சர்க்யூட் போர்டு இருந்தது. அதன் ஓரத்தைத் தொட்டபடி, வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை இருந்தது.

நான் கெர்னலில் வேலை பார்க்கிறவள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரல் அது. எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம், யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்று பங்கு போட்டுக் கொடுப்பது அதன் பிழைப்பு. என் வீட்டில் கேட்டால் ‘கம்ப்யூட்டர் ரிப்பேர்’ என்பார்கள். திருத்தித் திருத்தி வாய் வலித்து நானும் விட்டுவிட்டேன். அந்த மிஷினுக்குள் இருந்த கம்ப்யூட்டர் எங்கள் சிறிய கம்பெனி செய்து கொடுத்தது. அதனால் தண்டலத்தில் குடியிருக்கும் என்னை, பக்கத்தில்தானே இருக்கிறாய் என்று அனுப்பிவிட்டார்கள்.

மிஷினின் வேலை எளிது. கார்களுக்குள் போகும் சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளை மூடி போட்டு மூடுவதற்கு முன் ஒரு கேமரா படம் எடுத்துச் சரிபார்க்கும். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் போர்டை வைத்து, வலப்பக்கம் உள்ள பட்டனை அழுத்துவாள். பச்சை வந்தால் போர்டை எடுத்து டிரேயில் வைப்பாள். அடுத்தது. ஷிப்ட் முடியும்வரை இதேதான்.

அன்று நின்றுபோயிருந்த அந்த மிஷின் உள்ளே என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கட்டளையை அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. போனவன் என்ன ஆனான் என்று விசாரிக்க இன்னொன்றை அனுப்பினேன். அவனும் வரவில்லை. நின்றுபோனதைக் கொன்றுவிடு என்று உத்தரவு போட்டேன். கெர்னலில் அதற்கு மிஞ்சிய உத்தரவு கிடையாது. அதுவும் அதன்மேல் பலிக்கவில்லை. எத்தனையோ மிஷின்களைப் பார்த்தவள்தான். இருந்தாலும், விசாரிக்கப் போகிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராக உள்ளே வைத்துக்கொள்ளும் மிஷினை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் வாக்குமூலம் கொடுத்திருப்பார்கள். விரலைக் கீபோர்டில் வைக்கிறேன், திரை கறுத்துப் போனது. லைன் சூப்பர்வைசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

“யோவ்! என்ன பண்றீங்க?” என்று கத்தினேன்.

“லைன் நிக்குது மேடம். மேலேர்ந்து கத்திகினு கீறாங்க. புடுங்கிச் சொருவுனாதான் வரும், எப்பவும் அப்டித்தான்.”

கரண்ட் போனால் நினைவகத்தில் இருப்பது அத்தனையும் போச்சு. என் சாட்சிகள் எல்லாம் ஒரே பிடுங்கில் காலி. எனக்கு வந்த கோபத்தில் அவரையே சுவரில் சொருகியிருப்பேன். மிஷின் ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து, அடுத்த போர்டு எங்கே என்று கேட்டது.

சூப்பர்வைசர் வல்லக்கோட்டைக்காரர். நெற்றியில் முருகன் கோயில் விபூதி இல்லாமல் ஷிப்டுக்கு வரமாட்டார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். மானிட்டருக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார். மிஷின் நிற்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கும் முன் திரையைப் படம் எடுத்து கம்பெனி குரூப்பில் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

“தோ பாருங்க. இதுலயும் கை. இதுலயும் கை. எல்லாத்துலயும் கை கீது மேடம்.”

ஒரே கை. ஒரே கையுறை. படத்தின் இடது ஓரத்திலிருந்து நுழைந்து, விரல்கள் போர்டைத் தொடப்போகும் நேரத்தில் நின்றிருந்தது. போர்டு மாறியிருந்தது, கை மாறவில்லை.

“யார் கை இது? உட்கார்ந்திருக்கிற பொண்ணோடதுதானே?”

“அது சோத்துக்கையாலதான் எடுக்கும். நானே நின்னு பாத்துகினு கீறேன். சோத்துக்கைன்னா இந்தாண்ட பக்கம் வரணும். இது அந்தாண்டேர்ந்து வருது. அங்க யாரும் நிக்கிறதில்ல.” குரலைத் தாழ்த்தினார். “இதுக்கு முன்ன இதே சேர்ல ஒரு பொண்ணு இருந்திச்சு. வேலைய வுட்டுப் போன கொஞ்ச நாள்ல வாலாஜாபாத் ரோட்டுல லாரி அடிச்சி போய்ச் சேந்துட்டா. அது கைதான்னு பசங்க பேசிக்கிறாங்க.”

“நீங்க நம்புறீங்களா?”

“சொம்மா இருங்க மேடம், எனுக்கு இன்னா தெரியும். மத்த ஷிப்ட்ல இது வர்றதே இல்ல. இந்தப் பொண்ணு உக்காந்தா மட்டும் வருது. இத்தத் தேடித்தான் வருது.”

மேலே ஏசி அறையில் இருந்தவர்கள் பேய் என்று சொல்லமாட்டார்கள். அவர்கள் படித்தவர்கள், அதனால் ‘ஆபரேட்டர் எரர்’ என்றார்கள். சனிக்கிழமைக்குள் மிஷின் நிற்பது நிற்கவில்லை என்றால் அந்தப் பெண்ணை நிறுத்திவிடுவது என்று முடிவாகியிருந்தது. அவள் காண்ட்ராக்டில் இருப்பவள். நிறுத்துவதற்கு ஒரு வாய்வார்த்தை போதும்.

அவளை நான் முதலில் பார்த்தது கண்களாகத்தான். தொப்பி, மாஸ்க், நீல ஓவர்கோட், கையுறை. அந்த லைனில் எல்லாப் பெண்களும் கண்கள்தான். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வேலை தொட்டதை அது முடிக்கும்வரை வேறு வேலை தொடாமலிருக்க கெர்னலில் பூட்டுகள் உண்டு; அவற்றைக் கண்காணிக்கும் ஒரு நிரலை மிஷினில் ஏற்றிவிட்டேன். கெர்னலுக்குள் யார் எந்தப் பூட்டை எந்த வரிசையில் எடுக்கிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது வரிசை மாறினால் உடனே சத்தம் போடும். காவல்காரன் மாதிரி. ஆனால் அவன் இருந்தால் மிஷின் மெதுவாகும், டார்கெட் போகாது. அதனால் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஓட்டலாம், எழுந்து போனால் பழையபடி மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அனுமதி கொடுத்தார்கள்.

நான் உட்கார்ந்திருந்தவரை மிஷின் நிற்கவில்லை. அவள் வலது கையால் பட்டனை அழுத்தினாள், பச்சை வந்ததும் அதே வலது கையால் போர்டை எடுத்தாள். அழுத்தினாள், எடுத்தாள். காவல்காரன் வாயே திறக்கவில்லை. முதுகு வலித்து, காவல்காரனை எடுத்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சூப்பர்வைசர் கையில் பிளக். குரூப்பில் புதுப் படம். அதில் அந்தக் கை.

மறுநாளும் அப்படியே. நான் இருந்தால் வராது. நான் கேண்டீனுக்குப் போனால் வரும். பாத்ரூமுக்குப் போனால்கூட வந்தது. நான் வரும்வரை தொடாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். லைன் நின்றால் அங்கே யாருக்கும் காது கேட்காது.

பார்த்தால் ஒளிந்துகொள்ளும் பிழைகள் எங்கள் தொழிலில் உண்டு. பார்ப்பதற்காக நாம் சேர்க்கும் வேலையே மிஷினைக் கொஞ்சம் மெதுவாக்கும், அந்தக் கொஞ்சத்தில் பிழை நழுவிவிடும். இதுவும் அந்தச் சாதிதான் என்று நினைத்து, மிஷினை மெதுவாக்காதபடி காவல்காரனை இளைக்கவைப்பதில் பாதி வாரத்தை வீணாக்கினேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்து ஒளிகிறதே, அது மிஷினா, இல்லை அந்தக் கையா? பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த யாரோ ஒருத்தியின் கையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சங்கடப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் கேண்டீனில் அந்தப் பெண்ணே என் எதிரில் வந்து தட்டோடு உட்கார்ந்தாள். மாஸ்க் இல்லாமல் அன்றுதான் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பெண். சங்கரன்கோவில் பக்கம், பென்னலூரில் ஹாஸ்டல்.

“மேடம், என்னைய நிறுத்திருவாவளா?” என்றாள்.

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்லுதாவ. அந்தச் செத்தவ என்னையக் கூப்பிடுதாளாம்.” சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. “நிறுத்துனா ஊருக்குத்தான் போணும். போனா கல்யாணம். மாமா பையன். வேலைக்குப் போறேன், போறேன்னுதான் தள்ளிப்போட்டுட்டு வாரேன். எங்க அக்காளுக்கு அப்படித்தான் முடிச்சி வச்சாவ. அவளுக்குன்னு ஒரு போனு கூடக் கிடையாது மேடம். அத்தான் போனுக்குத்தான் பேசணும், அத்தான் பக்கத்துலயே நிப்பாரு. ‘நல்லா இருக்கேன்’னு சொல்லுவா. வேற ஒண்ணும் சொல்லமாட்டா.”

பார்க்கிறேன்மா என்றேன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு என்னத்தைப் பார்த்தேன் நான்? அவள் மேல்தான் எரிச்சல் பட்டேன், என் மேல் பட வேண்டியதை. அவள் எழுந்து போன பிறகு தட்டைப் பார்த்தேன். சோறு பாதிக்கு மேல் தட்டைச் சுற்றிச் சிந்திக் கிடந்தது, குழந்தை சாப்பிட்ட மாதிரி.

அவள் ஷிப்டுக்குச் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் லைனுக்குத் திரும்பினேன். யாருமில்லை. டியூப் லைட்டுகள் எல்லாம் எரிந்தன. ஜன்னல் இல்லாத கூடம் அது, அங்கே எப்போதும் ஒரே பகல்தான். பெல்ட் நின்றிருந்தது. காலியான நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அவளுடைய மிஷின் மட்டும் விசிறி ஓட விழித்திருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். காவல்காரனை ஏற்றினேன். ஒரு ஜோடி கையுறையை எடுத்து மாட்டினேன். சூப்பர்வைசர் கொடுத்திருந்த படத்தை என் போனில் வைத்துக்கொண்டு, அந்தக் கை எங்கிருந்து வந்திருக்க முடியும் என்று ஒவ்வொரு விதமாக நீட்டிப் பார்த்தேன். வலது கையால் எப்படி வளைத்தாலும் கட்டைவிரல் தப்பான பக்கம் வந்தது. பிறகு, ஏன் என்று யோசிக்காமலே, வலது கையால் பட்டனை அழுத்தி, இடது கையைப் போர்டுக்கு நீட்டினேன்.

திரையில் அந்தக் கை வந்தது.

அதே இடம், அதே விரல்கள், அதே கட்டைவிரல். என் கைதான், எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு கணம் அது என் கையாக இல்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், ஏதோ பிடித்துக்கொள்ளும் என்பது போல.

அப்போதுதான் லேப்டாப்பைப் பார்த்தேன். நாள்கணக்கில் வாய் திறக்காத காவல்காரன் கத்திக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். கேமராவை இயக்கும் நிரல் இரண்டு பூட்டுகளைப் பயன்படுத்துகிறது. நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடத்துக்கு ஒரு பூட்டு. எடுத்த படங்களை வைக்கும் இடத்துக்கு ஒரு பூட்டு. எப்போதும் முதலில் வரைபடம், பிறகு படங்கள். ஆனால் படத்தில் கை விழுந்தால் அது கெட்ட படம், உடனே தூக்கி எறிய வேண்டும். அதற்கென்று யாரோ எழுதி வைத்திருந்த வழியில் வரிசை தலைகீழ்: முதலில் படங்களைப் பூட்டிக்கொண்டு, பிறகு வரைபடத்துக்குக் கை நீட்டுகிறது. அதே கணத்தில் இன்னொரு வேலை வழக்கமான வரிசையில் வந்தால் ஒருவன் கையில் இது, இன்னொருவன் கையில் அது. இருவரும் மற்றவன் விடட்டும் என்று நிற்பார்கள். உலகம் உள்ளவரை நிற்பார்கள். வரைபடத்தைத் தொட்டு விசாரிக்கப் போகிறவர்களும் அதே வாசலில் நின்றுவிடுவார்கள்.

நடக்காத வழியைக் காவல்காரன் எப்படிப் பார்ப்பான்? நான் பக்கத்தில் இருந்தவரை அந்த வழியில் யாரும் நடக்கவில்லை. வலது கைக்காரர்கள் பட்டனை அழுத்திய கையாலேயே போர்டை எடுப்பார்கள். அதற்குள் படம் எடுத்து முடிந்துவிடும். இடது கைக்காரி என்றால் வலது கை பட்டனில் இருக்கும்போதே இடது கை போர்டுக்குப் போய்விடும். பழகாத வலது கையால் பிசைந்து அவள் தட்டைச் சுற்றிச் சிந்தியிருந்த சோறு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஷிப்ட் இடைவேளையில் அவளைத் தனியாகத் தண்ணீர் மிஷின் பக்கம் கூப்பிட்டேன்.

“நீ இடது கையா?”

அவள் கண்கள் மாஸ்க்குக்கு மேல் அப்படியே நின்றன. “இல்ல மேடம். நான் சோத்துக்கைதான்.”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“இல்ல மேடம்,” என்றாள் மறுபடியும். உடனே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை போனது. இடது கை. அவளே அதைப் பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “நொட்டாங்கைதான்க்கா. எங்கம்மை சூடு வச்சிப் பாத்தா, போகல. வேலைக்கிச் சேந்த அன்னைக்கே சூப்பர்வைசர், ‘எல்லாம் சோத்துக்கையால செய்யணும்’னாரு. ஆரும் பாத்தா சோத்துக்கை. ஆரும் பாக்கலன்னா டார்கெட்டுக்கு ஓடணும்லா, அது தன்னால வந்துரும்.” மூக்கை உறிஞ்சினாள். “ஆயுத பூசைக்கு இந்த மிஷினுக்குப் பொட்டு வச்சது நான்தான்க்கா. ஒரு கையில தட்டு இருந்துச்சி. நொட்டாங்கையாலதான் வச்சேன். அதான் இப்படி ஆயிட்டு. செத்தவளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அம்மா மேல், சூப்பர்வைசர் மேல், அந்தத் தலைகீழ் வரிசையை எழுதிவிட்டு எங்கோ நிம்மதியாகத் தூங்கும் மகாராசன் மேல்.

“அடிப் பைத்தியமே, பொட்டாவது மண்ணாவது! உங்க ஹாஸ்டல்ல பாத்ரூம் எத்தனை பேருக்கு ஒண்ணு?”

அவள் விழித்தாள். “ஒரு மாடிக்கே ஒண்ணுதான்க்கா.”

“வாளி?”

“அதும் ஒண்ணுதான்.”

“ஒருத்தி பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு வாளி வரட்டும்னு நிக்கிறா. இன்னொருத்தி வாளியை வச்சுக்கிட்டு, அவ வெளிய வந்தாத்தான் தருவேன்னு நிக்கிறா. என்ன ஆகும்?”

“ரெண்டு பேரும் குளிக்க முடியாது. மத்தவளுவளும் குளிக்க முடியாது.” அழுகையோடேயே சிரித்துவிட்டாள். “எங்களுக்குத் தெனமும் நடக்கும்க்கா.”

“அதான் உன் மிஷினுக்கும். வாளியை முதல்ல எடுன்னு எல்லாருக்கும் ஒரே சட்டம் போட்டா முடிஞ்சுது. உன் கையில ஒண்ணும் இல்லை.”

அவள் உடனே ஒன்று கேட்டாள். எனக்குத் தோன்றாமல் போன ஒன்று.

“ஆனா கை என்னோடதுதானக்கா? இதைச் சொன்னீயன்னா, அப்ப நொட்டாங்கைக்காரிய எடுத்துட்டா மிஷின் நிக்காதுன்னுதான சொல்லுவாவ?”

நூற்றுக்கு நூறு அப்படித்தான் சொல்வார்கள். வாளிக்கும் பாத்ரூமுக்கும் சட்டம் போடுவதைவிட ஒரு பெண்ணை வெளியே அனுப்புவது எளிது. அதனால் காரணத்தைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காமல் முதலில் திருத்தத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதியது சில வரிகள்தான்: கெட்ட படத்தை அந்த இடத்திலேயே எறியாதே. ஓரமாக வை. கையிலிருக்கும் பூட்டைத் திற. பிறகு வழக்கமான வரிசையில் வந்து எறி. அதைச் சரிபார்க்கத்தான் வெள்ளிக்கிழமை முழுக்க ஆனது. காவல்காரனை வைத்துக்கொண்டு என் இடது கையை அந்தக் கேமராவுக்கு அடியில் நீட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அது திரையில் வந்து வந்து போனது. சாயங்காலம் வீட்டில் காபி டம்ளரைப் பிடித்தபோது அந்தக் கை எனக்கு யாரோ கொடுத்து வைத்தது போலிருந்தது.

சனிக்கிழமை பகல் ஷிப்ட். காவல்காரன் இல்லை, முழு வேகம். அவள் காதில், “இன்னைக்கு உனக்கு எந்தக் கை வருதோ அந்தக் கை,” என்றேன்.

“சூப்பர்வைசர் பாப்பாரே.”

“பார்க்கட்டும்.”

அவள் தொடங்கினாள். என்ன வேகம்! அதுவரை நான் பார்த்தது அவள் வேலையே இல்லை. இரண்டு கைகளும் ஒன்றையொன்று கேட்காமல் ஓடின. திரையில் அவ்வப்போது கை விழுந்தது. மிஷின் அந்தப் படத்தை எறிந்துவிட்டு ‘மறுபடியும்’ என்று கேட்டது, அவள் மறுபடியும் அழுத்தினாள், பச்சை வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சூப்பர்வைசர் வந்து பின்னால் நின்றார். அவள் அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். வலது கை பட்டனை அழுத்திவிட்டது. இடது கை போர்டுக்கு மேல் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. திரையிலும் அது நின்றது. குரூப்பில் இருந்த எல்லாப் படங்களிலும் இருந்தது போலவே. அவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அவர் கை பிளக்கை நோக்கிப் போனது.

“தொடாதீங்க!” என்றேன்.

மிஷின் படத்தை எறிந்தது. ‘மறுபடியும்’ என்றது.

அவர் திரையைப் பார்த்தார், அவளுடைய கையைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“ஏம்மா,” என்றார் மெதுவாக, “உனுக்குப் பீச்சாங்கையா?”

நான் எழுந்தேன். “ஆமா, பீச்சாங்கைதான். இப்ப என்னங்கறீங்க? கைக்காக மிஷின் நிக்கல. மிஷினுக்குள்ள எழுதினவன் தப்பா எழுதியிருக்கான், அதனால நின்னுது. எழுதினதை மாத்திட்டேன். இனிமே அவ காலால எடுத்தாலும் நிக்காது. இந்தப் பொண்ண யாராவது நிறுத்துறேன்னு சொன்னா, நிறுத்த வேண்டியது இவளை இல்ல, எங்க கம்பெனியைன்னு எழுத்துல தர்றேன். போதுமா?” லைனில் எல்லாக் கண்களும் திரும்பியிருந்தன.

அவர் சண்டைக்கு வரவில்லை. முகம் வெளுத்திருந்தது. “அதில்ல மேடம்,” என்று போனை எடுத்துக் குரூப்பில் பழைய படங்களுக்குப் போனார். மேலே, இன்னும் மேலே. “இத்தப் பாருங்க. இது இந்தப் பொண்ணு வேலைக்கே வராத நேரம்.”

அதே கை. அதே இடது கை.

“அந்தப் பழைய பொண்ணு அப்ப உயிரோடதான் இருந்திச்சு,” என்றார். “அத்தயும் இதே மாரிதான் நிறுத்துனோம். மிஷின் நிக்குதுன்னு. நான்தான் போய்ச் சொன்னேன். அது ஒண்ணியும் பேசல. கையுறையக் கழட்டி இங்க வச்சுட்டுப் போச்சு.”

“செத்துப்போனதா யார் சொன்னா?”

யோசித்தார். “எல்லாரும் சொன்னாங்க.” பிறகு மானிட்டருக்கு அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிஷின் அன்று நிற்கவில்லை. அடுத்த வாரமும் நிற்கவில்லை. அவள் அதே நாற்காலியில் இருந்தாள், இருக்கிறாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தின் அடியில், பிழையை முதலில் வெளிக்கொண்டு வந்தவர் பெயர் ஒரு வரியிலும், சரியாகிவிட்டதா என்று ஓட்டிப் பார்த்தவர் பெயர் இன்னொரு வரியிலும் எழுதுவோம். கெர்னல் இருக்கும்வரை அந்தப் பெயர்களும் அதோடு இருக்கும். கேட்காமல் பெயரைப் போடக்கூடாது, அது மரியாதை. ஓட்டிப் பார்த்தவள் யார் என்பதில் சந்தேகமில்லை. கேட்டபோது இன்ஷியலோடு போடுங்கக்கா என்றாள். முதலில் வெளிக்கொண்டு வந்தவள் அவள் இல்லை, அதே நாற்காலியில் முன்பு இருந்த இன்னொருத்தி. அந்த வரியைக் காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. ஹாஸ்டலில் யாருக்காவது அவளைத் தெரியுமா என்று கேட்கச் சொன்னேன்.

சில நாள் கழித்து ஓடிவந்தாள். “அக்கா, அவ சாகலக்கா. கல்யாணம் ஆயிட்டாம். அவ கூட ரூம்ல இருந்த அக்காட்ட நம்பர் இருந்துச்சி.”

ஒரு மதியம் கம்பெனி வாசலில், வெயிலில் நின்றிருந்த காலி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். செத்துவிட்டதாகச் சொன்ன ஒருத்தியைக் கூப்பிடுகிறோம் என்பதால் எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். ஓர் ஆண் எடுத்தார். யார், எதற்கு, எந்த ஊர் என்றார். பழைய கம்பெனியிலிருந்து, ஒரு விவரம் கேட்க வேண்டும் என்றேன். “ஏய்,” என்று யாரையோ கூப்பிட்டார்.

வந்த குரல் மிகச் சின்னதாக இருந்தது. அவள் பக்கத்திலேயே அந்த ஆண் இருமுவது கேட்டது. நான் படபடவென்று சொன்னேன். அந்த மிஷின் நின்றதற்கு நீங்கள் காரணமில்லை. உள்ளே பிழை இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம், திருத்திவிட்டோம். உங்களை நிறுத்தியது தப்பு. முதலில் அது வெளியே வந்தது உங்கள் கையால்தான், அதனால் உங்கள் பெயரைப் போட ஆசைப்படுகிறேன். போடலாமா?

எங்கோ ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தது. லைனில் இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

“உங்களுக்கு இடது கைதானே?” என்று கேட்டேன்.

வளையல் சத்தம் கேட்டது. போன் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது.

“இல்லீங்க,” என்றாள். “நான் சோத்துக்கைதான்.”